ஜெனியின் தலையில் ஒளிக்குல்லா

1

போன வாரம் குடியுரிமை விண்ணப்பத்துக்காக இங்கே நகர அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருடம் ஓடிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. கொஞ்சம் எளிமையாகச் சொல்ல முடியுமா என்றார். எளிமையாகச் சொன்னேன். அது முன்னதைவிட நீளமாகப் போயிற்று. கடைசியில் அவர் "தொழில்நுட்பம்" என்று ஒற்றை வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்தார்.

இதே அலுவலகத்தில்தான், வந்த புதிதில், நான் கைதானவள் என்று வாக்குமூலம் கொடுத்தேன். திருமணமானவரா என்று கேட்டார்கள். "ஃபெர்ஹைராடெட்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது "ஃபெர்ஹாஃப்டெட்". கைது செய்யப்பட்டவள் என்று அர்த்தம். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் பிரபுவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரியான கட்டத்தில் குறி போட்டார்.

இப்போது மொழி தகராறு இல்லை. இருந்தும் என் வேலையைச் சொல்ல வரவில்லை. டிராமில் திரும்பி வரும்போது, இதை என் தம்பி தாஸ் ஒரே வரியில் சொன்னது ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன், போனில், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "தெரிஞ்சிச்சிக்கா. தலையில டார்ச் அடிச்சி உள்ள இன்னா நடக்குதுன்னு பாக்கற வேல."

அவ்வளவுதான். கரண்ட் போன நேரத்தில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் சந்துகள் சிவப்பாக ஒளிரும். வெளிச்சத்தில் ஒரு பங்கு சதையைக் கடந்து வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு வெளிச்சம் உண்டு. அது மண்டை ஓட்டையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்பி வரும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு நல்ல இரத்தம் பாயும். நல்ல இரத்தம் ஒளியைக் குடிக்கும் விதம் வேறு, களைத்த இரத்தம் குடிக்கும் விதம் வேறு. திரும்பி வருகிற வெளிச்சத்தை அளந்தால் எந்த இடம் விழித்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, குகை மாதிரி இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியதும் இல்லை.

நான் சேர்ந்தபோது இந்தக் கருவி ஒரு பீரோ அளவு இருந்தது. அதிலிருந்து கறுப்புக் கேபிள்கள் கொத்தாக வந்து தலையை இழுக்கும். இப்போது வெளிச்சத்தை அளக்கும் சில்லு மூக்குத்திக் கல் அளவுக்கு வந்துவிட்டது. குல்லாவிலேயே தைத்துவிடுகிறோம். மொத்தக் கருவியும் ஒரு தோள்பைக்குள் அடங்கும். அடங்கியதால்தான் நான் எழுத வந்த விஷயம் நடந்தது.

2

ஆய்வுக்கூடத்தில் முதல் மாதமே என் தலைக்கு அந்தக் குல்லாவை மாட்டினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. சக ஊழியர் பஞ்சுக் குச்சியை வைத்து என் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். எண்ணெய் தேய்த்து வளர்த்த கறுப்பு முடி, அதற்குக் கீழே கறுத்த தோல். வெளிச்சம் உள்ளே போவதற்குள்ளேயே பாதி தீர்ந்துவிடுகிறது. அவர் மிகவும் மரியாதையாக என் பெயருக்கு நேராக "பயன்படாது" என்று எழுதினார். அளவின் தரத்தைச் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தலையைப் பார்த்தேன்.

அப்புறம் நான் அந்த வேலையையே எடுத்துக்கொண்டேன். முடிக்குள் சீப்புப் பல் மாதிரி இறங்கித் தோலைத் தொடுகிற முனைகள், இன்னும் நுட்பமான சில்லுகள். மூன்றாவது மாதிரியில் என் தலைக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று திரை ஒத்துக்கொண்டது.

வீட்டில் என் மகள் இனியாவின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்றுதான் எனக்குத் தெரிவதில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொஞ்ச நாள் போனாள். கைப்பந்துப் பயிற்சி அதே நேரத்துக்கு மாறியதும் நிறுத்திவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற பழக்கம் மட்டும் எங்கிருந்தோ எங்கள் ஊரிலிருந்து அவளுக்கு வந்திருக்கிறது.

3

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. பைபாஸுக்குக் கொஞ்சம் உள்ளே. தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் நாற்று நட்டோம். சிப்காட் வந்த பிறகு எங்கள் நைனா, அதாவது அப்பா, இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசித்தான் பழக்கம். இங்கே வந்த பிறகு கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டி, சண்டையா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நானும் தாஸும் வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

நைனா இப்போது இல்லை. தாஸ் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன் மனைவி சுகன்யா அங்கேயே பேக்கிங் பிரிவில் இருந்தவள். அவர்களுக்கு ஒரே பெண், ஜெனி.

இத்தனை சத்தமான வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது யாருக்கும் உடனே தெரியவில்லை. எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுகன்யா ரயில்வே கேட்டில் ஆட்டோவுக்குள் காத்திருந்திருக்கிறாள். எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆட்டோவில் இருந்த இன்னொரு குழந்தை வீறிட்டு அழுதது. ஜெனி சுகன்யாவின் தாலிக்கயிறைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வயதில், அரசுக் காப்பீட்டில், சென்னையில் அவளுக்குக் காக்ளியர் கருவி வைத்தார்கள். காதுக்குள்ளே மெல்லிய கம்பி ஒன்று. வெளியே காதுமேல் மாட்டுகிற சின்னப் பெட்டி. பெட்டியில் உள்ள மைக் சத்தத்தை வாங்கும். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை அதை உள்ளே அனுப்பும். அதைப் போட்டுவிட்டால் உடனே பேச்சு வந்துவிடாது. கேட்கப் பழக்க வேண்டும், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சுகன்யா வேலையை விட்டாள். வாரம் இருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறித் திருவள்ளூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தாள்.

ஒரு வருடம் ஆயிற்று. ஜெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. பெட்டியைக் கழற்றித் தூர எறிந்தாள். அதில் பச்சை விளக்கு எரிகிறது, கருவி வேலை செய்கிறது என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். கணினியில் நேராக இணைத்து 'பீப்' கொடுத்தால் சொல்லிக்கொடுத்தபடி குழந்தை ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு மணியைச் சரியாகக் கோலில் கோக்கிறாள். ஆகவே வீட்டில் பயிற்சி போதவில்லை என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், சில குழந்தைகளுக்கு மூளை இந்தச் சத்தத்தை ஏற்பதில்லை என்றார்.

"மூளைக்குப் போவலன்றாங்கக்கா," என்றான் தாஸ் போனில். "உன் மிஷின வெச்சி ஒரு தபா பாத்துச் சொல்லேன்."

4

இதில் ஒரு தற்செயல் இருந்தது. காக்ளியர் கருவி வைத்த தலைக்குள் பார்ப்பது மற்ற இயந்திரங்களுக்குச் சிரமம். பெரிய காந்தம் உள்ள ஸ்கேன் என்றால் உள்ளே இருக்கும் காந்தம் இடைஞ்சல். மின்சாரத்தை அளக்கும் முறை என்றால் கருவியின் மின்சாரமே குழப்பும். வெளிச்சத்துக்கு இந்தத் தகராறு இல்லை. அதனால் எங்கள் ஆய்வுக்கூடமும் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, கருவி வைத்த குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியிருந்தோம். திருவள்ளூரில் அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது. கோடை விடுமுறையில் நான் குல்லாவைக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஜெனியைச் சேர்க்கலாமா என்று என் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சேர்க்கலாம், ஆனால் நீ அறைக்குள் இருக்கக் கூடாது, அவளுடைய பதிவை நீ தொடக் கூடாது என்றார். தவிர, இது ஆராய்ச்சிதான், சிகிச்சை இல்லை. எந்தப் பெற்றோருக்கும் 'உங்கள் குழந்தைக்கு இப்படி' என்று முடிவு சொல்வதில்லை. எல்லாம் நியாயம்தான். கையெழுத்துப் போட்டேன்.

தாஸிடம் அதைச் சொன்னபோது, "வாக்கா மொதல்ல," என்று மட்டும் சொன்னான்.

இனியாவும் வந்தாள். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து குல்லாவைக் கையில் தூக்கிப் பார்த்தார். உள்புறம் முழுக்கச் சில்லுகள், சின்ன விளக்குகள்.

"இது என்னம்மா, நீச்சல் தொப்பியா?"

"மூளை வேலை செய்றதப் பாக்கற கருவி சார். ஆராய்ச்சிக்கு. பேப்பர் எல்லாம் இருக்கு."

காகிதங்களைப் புரட்டினார். அதில் மருத்துவக் கருவி என்று ஒரு இடத்திலும், மருத்துவக் கருவி அல்ல என்று இன்னொரு இடத்திலும் எழுதியிருந்தது. இரண்டும் உண்மைதான். அதை விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"போட்டா நான் என்ன நெனக்கிறேன்னு தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது சார்."

"அப்ப நல்லது," என்று பையை மூடிக் கொடுத்தார்.

5

வீட்டு வாசலில் ஜெனி மொட்டைத் தலையோடு நின்றிருந்தாள். சந்தனம் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. காதுக்கு மேலே வில்லை மட்டும் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் உண்டு, சுகன்யா வழியில் திருத்தணி முருகனும் உண்டு.

"முடி இருந்தா வெளிச்சம் போவாதுன்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க," என்றாள் சுகன்யா. "எப்பிடியும் வேண்டுதல் இருந்திச்சி. அதான் போன வாரமே இட்டுக்கினு போய் அடிச்சிட்டோம். ரெண்டுக்கும் ஆச்சி."

சீப்புப் பல் முனைக்காக நாங்கள் மூன்று மாதிரி செய்து பார்த்திருந்தோம். நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். வாயைத்தான் பார்க்கிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது.

சுகன்யா பேசிக்கொண்டே இருந்தாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "ஜெனி, அம்மா தட்டு எடுக்கறேன். தட்டு. இட்லி வெக்கிறேன். இட்லி. சூடா இருக்குது. ஊது." காலை நாஷ்டா முடிகிற வரை அந்தக் குரல் ஓயவில்லை. நடுவில் தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்தினாள். ஜெனி இட்லியைப் பிய்த்துத் தின்றாள். ஊதவில்லை.

இனியா ஒரு மூலையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா முறை, மாமா முறை எல்லாம் அவளுக்குக் குழப்பம். யார் என்ன கேட்டாலும் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொள்வாள். மாலையில் பார்த்தால் ஜெனி அவள் மடியில் ஏறி, போனில் ஏதோ பலூன் உடைக்கிற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு சொல் இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டு முறை மாற்றிக்கொண்டார்கள்.

"உங்க பொண்ணும் பேச மாட்டேன்றா, எங்க பொண்ணும் பேச மாட்டேன்றா," என்றாள் சுகன்யா. "நாமதான் அண்ணி வாய் வலிக்கப் பேசிக்கினு கெடக்கறோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

6

திருவள்ளூர் கிளையில் சாமான் வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்து ஏசி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஆய்வைப் பார்த்துக்கொண்டவர் கயல்விழி. கேட்புத்திறன் நிபுணர், முப்பது வயது இருக்கும். ஜெனி பயிற்சிக்குப் போனது வேறு மையம் என்பதால் அவர் அதுவரை அவளைப் பார்த்ததில்லை. பழைய பரிசோதனைச் சீட்டுகளை மட்டும் வாங்கி முன்தினமே படித்திருந்தார்.

சுகன்யாவும் ஜெனியும் உள்ளே போனார்கள். நானும் தாஸும் வெளியே நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா மடியில் குழந்தை. திரையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் பொம்மைப் படம், பிறகு இருட்டு. ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஒரு பெண் குரலில் கதை, பிறகு மௌனம். இப்படி மாறி மாறி. படத்துக்குப் பின்மண்டையில் இரத்தம் ஏற வேண்டும். கதைக்குக் காதுக்கு மேலே பக்கவாட்டில் ஏற வேண்டும்.

தாஸ் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்கியது.

"அக்கா, உள்ள இன்னா வந்தாலும் சொல்லிடு," என்றான். "எனக்குத் தேறுதலுக்காவ மாத்திச் சொல்லாத."

"நான் எதுவும் சொல்ல முடியாது தாஸ். ஒரு புள்ளையப் பாத்துத் தீர்ப்பு சொல்ற மிஷின் இல்ல இது. நிறைய புள்ளைங்களப் பாத்து, பொதுவா இப்பிடின்னு சொல்லும்."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்த?"

அவன் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"வேலைக்குக் கெளம்பறப்ப தெனம் அவ காதாண்ட போய், 'அப்பா போய்ட்டு வரேன்'னு சொல்லுவேன். திரும்பவே மாட்டா. கேக்குது, ஆனா என்னைப் புடிக்கலன்னு நெனச்சிக்குவேன். சில நாளு அதுவே பரவால்லன்னு இருக்கும். கேக்காம இருக்கறதுக்கு, புடிக்காம இருக்கறது மேலு இல்லியா."

நான் அவன் முழங்கை மேல் கையை வைத்தேன். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் அப்படியெல்லாம் பழக்கமில்லை. அவன் கையை எடுத்துவிடவில்லை.

கதவு திறந்து கயல்விழி வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் தாஸைப் பார்த்துப் பேசினார்.

"ஆராய்ச்சி முடிவுன்னு இதை நான் சொல்லல. அதைச் சொல்லவும் கூடாது. ஆனா நான் ஒரு ஆடியாலஜிஸ்ட். எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு. அதைப் பாக்காம குழந்தையை அனுப்ப முடியாது. மேடம், நீங்களும் வாங்க. இனிமே இது நம்ம ஆய்வுக் கணக்குல வராது."

உள்ளே திரையில் கோடுகள் நின்றிருந்தன. மொட்டைத் தலைக்கு நன்றி, அப்படி ஒரு சுத்தமான பதிவை நான் அதிகம் பார்த்ததில்லை. படம் ஓடும்போதெல்லாம் பின்மண்டையில் சிவப்புக் கோடு அழகாக ஏறி இறங்கியிருந்தது. ஆகவே குல்லா சரியாக இருக்கிறது, குழந்தை விழித்திருக்கிறது. கதை ஓடிய இடங்களில் பக்கவாட்டுக் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

மூளைக்குப் போகவில்லை என்று சொன்னவர்கள் சொன்னது சரிதானா என்று கேட்டுவிட்டேன்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்," என்றார் கயல்விழி. "ஆனா பழைய சீட்டுல, கம்ப்யூட்டர்ல நேரா பீப் குடுத்தா பதில் சொல்றா. அப்ப நரம்பு வாங்குது. ஸ்பீக்கர்ல போட்டா ஒண்ணும் இல்ல. நேரா குடுக்கறதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கறது ஒண்ணுதான். மைக்."

ஒரு மெல்லிய வயரை எடுத்து, ஜெனியின் காதுப் பெட்டியையும் கணினியையும் இணைத்தார். இனிக் கதை மைக் வழியாக வராது, நேராகப் பெட்டிக்குள் போகும். எங்களுக்கு எதுவும் கேட்காது. அறை அமைதியாக இருந்தது. ஜெனி மடியில் ஒரு ரப்பர் வாத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடிப்பதை நிறுத்தினாள்.

அவள் கண்கள் எதையும் பார்க்காமல் ஒரு இடத்தில் நின்றன. ஒரு கை மெதுவாக எழுந்து காதுப் பெட்டியைத் தொட்டது. கழற்றப் போகிறாள் என்று சுகன்யா அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜெனி கழற்றவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரையில், சில விநாடிகள் தாமதித்து, பக்கவாட்டுக் கோடு மேலே ஏறத் தொடங்கியது. இரத்தம் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். நான் அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அன்று விநாடிகளை விரல் விட்டு எண்ணினேன்.

கயல்விழி பெட்டியைக் கழற்றி, மைக் வாங்குவதை நாம் கேட்பதற்கென்று உள்ள இயர்போனைச் செருகி எங்களிடம் கொடுத்தார். தாஸ் காதில் வைத்தான். சுகன்யாவைப் பேசச் சொன்னார். தாஸ் முகம் மாறியது. என்னிடம் நீட்டினான். சுகன்யாவின் குரல் எங்கோ கிணற்றடியில், மண் மூடினாற்போல, கரகரவென்று கேட்டது. சொல் எதுவும் பிடிபடவில்லை.

வேர்வையும் கடற்காற்றின் ஈரமும் மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டிருந்தன. பச்சை விளக்குக்கு அது தெரியாது. பெட்டிக்கும் உள்கம்பிக்கும் தொடர்பு இருந்தால் அது எரியும். எப்போதிலிருந்து அடைத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெரும்பாலும் முதல் கோடையிலேயே இருக்கலாம் என்றார் கயல்விழி. இயர்போன் வைத்து வாரம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று இவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. யாரையும் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவரவர் அவரவர் பங்கைச் சரியாகத்தான் சோதித்திருந்தார்கள்.

தாஸ் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, மகிழ்ச்சியில்தான். சுகன்யா மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு கயல்விழியைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப இத்தினி நாளா நான் பேசினது ஒண்ணுகூட அவளுக்குக் கேக்கலீங்களா?"

கயல்விழி அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம்னு ஒண்ணு போயிருக்கும்மா. வார்த்தையாப் போயிருக்காது. ஆனா உங்க மூஞ்சப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா இல்ல. அது வீணாப் போகாது."

"காலையில எயுந்ததுலருந்து பேசுவன் மேடம். ஊட்ல இருக்கறவங்களே பேஜாரா கீதுன்னுவாங்க." ஜெனியின் மொட்டைத் தலையில் குல்லா பதித்த சின்னச் சின்ன வட்டங்களை விரலால் தடவினாள். "சரி. மொதல்லருந்து சொல்றேன். இன்னா இப்ப."

7

புது மைக் போட்ட பெட்டி வந்து சேர்வதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது. அதுவரை கயல்விழி ஒரு மாற்றுப் பெட்டியை ஏற்பாடு செய்து கொடுத்தார். நான் கிளம்பும் நாளில் ஜெனி பேசவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபோது சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மிக்ஸி ஓடினால் அழுதாள். சுகன்யா அதை ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். "மிக்ஸி போட்டா அயுவுதுக்கா எம்பொண்ணு."

இங்கே திரும்பியதும் பேராசிரியரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். நடுவில் முறை மாறியதால் அந்தப் பதிவைக் கணக்கில் எடுக்க முடியாது. அவரும் அதையே சொன்னார். எழுதப்போகும் கட்டுரையில் ஜெனி, 'ஒரு குழந்தை விலக்கப்பட்டது' என்ற அரை வரியாக இருப்பாள். ஒரு குழந்தையின் ஒரு நாள் கோட்டை வைத்து அறிவியல் எதையும் நிரூபிக்காது. இதை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், நம்பித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இப்போது அளவைத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையின் மைக்கையும் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்று எங்கள் செய்முறையில் ஒரு படி சேர்ந்திருக்கிறது. முன்மொழிந்தவர் கயல்விழி.

நகர அலுவலகத்தில் அந்தப் பெண்மணிக்கு இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.

8

இனியா இப்போது சனிக்கிழமைகளில் ஜெனியோடு வீடியோவில் பேசுகிறாள். நான் சொல்லித் தொடங்கியதல்ல. பலூன் விளையாட்டில் ஆரம்பித்தது. அப்புறம் ஜெனியின் பயிற்சிக்கான படச் சீட்டுகள் வந்து சேர்ந்தன. சின்னச் சின்ன வாக்கியம், நிதானமாக, திரும்பத் திரும்பப் பேச வேண்டும் என்பது ஜெனிக்கு விதி. இனியாவுக்குத் தெரிந்த தமிழும் அவ்வளவுதான். நாங்கள் பேசினால் ஜெனி சலித்துப்போய் எழுந்து ஓடிவிடுகிறாள். இவளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இனியா. திரையில் ஜெனி ஒவ்வொரு சீட்டாகக் கேமராவுக்கு மிக அருகில் தூக்கிக் காட்டினாள். முடி வளர்ந்து இரண்டு குடுமி போட்டிருக்கிறாள். பந்து. பால். காக்கா. இனியா சொல்ல, ஜெனி தன் குழறலில் திருப்பிச் சொன்னாள். பிறகு மஞ்சளாக ஒரு சீட்டு வந்தது.

"வாலைப்பலம்," என்றாள் இனியா.

ஜெனி சீட்டை இறக்கினாள். தலையை ஆட்டினாள். பொறுமையாக, ஒவ்வொரு அசையையும் வாய் நிறையத் திறந்து சொன்னாள்.

"வா-யப்-ப-யம்."

நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். எந்தப் பயிற்சி மையத்திலும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். எந்தச் சீட்டிலும் அப்படி எழுதியிருக்காது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேசுவதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு மட்டும்தான் அது வரும்.

திரைக்கு வெளியிலிருந்து சுகன்யாவின் குரல் வெட்கத்தோடு வந்தது. "டீச்சரு நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க அண்ணி. இதுதான் நான் பேசறத அப்பிடியே புடிச்சிக்குது."

இனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, எது சரி?"

அவள் அதைத் தமிழில் கேட்டாள் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"அவ சொல்றதுதான்," என்றேன்.